குடிதண்ணீரில் கழுவிய கூரை

சில வருடங்களுக்கு முன், கடலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்த நேரம். எங்களுக்கு நோன்பு மாதமும் அதோடு சேர்ந்து வந்திருந்தது. பழவேற்காடு ஏரியைச் சுற்றியிருக்கும் குப்பங்களில் ஒன்றில் நடந்தது இது. எந்தக் குப்பம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் அவர்களைக் கிண்டல் செய்தே ஒருவழி பண்ணிவிடுவார்கள்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் முன்னால் வெயிலுக்கும் மழைக்குமாகச் சாய்வான துணிக்கூரை கட்டியிருப்பார்கள் இல்லையா, அதற்கு ஆனிங் என்று பெயர். அது அழுக்கேறி, பூஞ்சை பிடித்துக் கறுத்துப் போனால் பிரஷர் மிஷினில் தண்ணீர் அடித்துக் கழுவி, காயவைத்து, மேலே தண்ணீர் இறங்காத கோட்டிங் போட்டுத் தருவது என் வேலை. என் வீட்டுக்காரர் வளைகுடாவில் கார் நிறுத்துமிடங்களின் துணிக்கூரைகளைக் கழுவும் கம்பெனியில் இருந்தவர். முதுகு போய் ஊர் திரும்பினார். அவர் சொல்லச் சொல்ல நான் கற்றுக்கொண்டேன். இப்போது ஏணியில் ஏறுவது நான். லோடு ஆட்டோ ஓட்டுவதும், கீழே நின்றுகொண்டு குறை சொல்வதும் அவர்.

முக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு, மேலே மழைக்கோட்டு, காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் என்று நான் ஆட்டோவிலிருந்து இறங்கினால் தெருவே வேடிக்கை பார்க்கும். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று சொந்தக்காரர்கள் ஆரம்பத்தில் நிறையவே ஓதினார்கள். மிஷினைப் போட்டுவிட்டால் எதுவும் காதில் விழாது. அந்த மிஷினில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதன் சத்தம்தான்.

அன்றைக்குக் காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது, எங்கள் தெருவுக்கு நண்டு கொண்டுவரும் அக்கா. கூடையில் நண்டு இல்லை. கூடையே இல்லை. வெறுங்கையோடு அந்த அக்காவை நான் பார்த்ததே கிடையாது, அதனால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

விஷயம் இதுதான். அவர்கள் குப்பத்தில் படகுத்துறையை ஒட்டி, மீன் விற்கும் பெண்களுக்கென்று ஒரு பந்தல் உண்டு. ஒரு புயலுக்குப் பிறகு யாரோ உதவி செய்யவந்தவர்கள் இரும்புக் குழாய் நட்டு, பிளாஸ்டிக் பூச்சு போட்ட கெட்டித் துணியைச் சாய்வாக இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனது. அதற்கு முன்னால் அந்தப் பெண்கள் தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து விற்றவர்கள். வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்தியதும் முதலில் கண்ணில் படுவது அந்தப் பந்தல்தான். அந்த இடத்தின் மேல்தான் ஊர்த் தலைவருக்குக் கண். அங்கே அவருடைய மச்சான் மீன் வறுவல் கடை போட வேண்டுமாம்.

நேரடியாகக் கேட்டால் பெண்கள் சும்மா விடுவார்களா? அதனால் ஊர்க் கூட்டத்தில் வேறு மாதிரி ஆரம்பித்திருக்கிறார். பந்தல் நாறுகிறது, மழை வந்தால் ஒழுகுகிறது, பார்க்கிறவர்கள் ஊரைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று. பெண்கள் சண்டை பிடிக்க, கடைசியில் பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். வருகிற அமாவாசைக் கூட்டத்துக்குள் நாற்றமும் ஒழுகலும் போனால் பந்தல் இருக்கட்டும். போகாவிட்டால் பிரித்துவிட வேண்டியது. பெண்கள் கருவாடு காயவைக்கும் மணல்மேட்டில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டியது.

“மணமேட்டுக்கு எவன் வருவான் மீன் வாங்க? ஐஸ் கரையும், மீனு கரையும், அப்பறம் நாங்களும் கரைஞ்சிப் போவோம்” என்றது அக்கா. “நீ கழுவிக் குடுப்பியா மாட்டியா பாயம்மா, அத்த மட்டும் சொல்லு.”

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, அன்றைக்கே நானும் வீட்டுக்காரரும் போனோம்.

அந்தத் துணியைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்தது “யா அல்லா” மட்டும்தான். அதன் நிறம் நீலம் என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பறவை எச்சம், காய்ந்த மீன் செதில், பூஞ்சை, உப்பு, புகை எல்லாம் அடுக்கடுக்காகப் படிந்து தார் பூசிய மாதிரி இருந்தது. ஆனால் விரலால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தேன். உள்ளே துணி நன்றாகவே இருந்தது. நாற்றம் அழுக்கில்தான், துணியில் இல்லை. அப்படியென்றால் ஒழுகல் எங்கிருந்து வருகிறது?

ஏணி போட்டு ஏறிப் பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுவில் பெரிய தாம்பாளம் அளவுக்கு ஒரு இடம் பாறையாக இறுகிக் கிடந்தது. ஃபைபர் படகுக்குப் பூசுவார்களே, அந்த ரெசின் பசையையும் கண்ணாடி நார்ப் பாயையும் வைத்து யாரோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்த ஊர் ஆண்களுக்கு உலகத்தில் எது உடைந்தாலும் ரெசின்தான் மருந்து. படகு உடைந்தாலும் ரெசின், பிளாஸ்டிக் நாற்காலி கால் போனாலும் ரெசின், தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டாலும் ரெசின். துணி காற்றில் அசையும், ரெசின் அசையாது என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சின்ன ஓட்டையாக இருந்ததை அவர்கள் சரிசெய்து, சுற்றிலும் அப்பளம் நொறுங்கின மாதிரி விரிசல் விட்டு, இப்போது பத்துப் பேர் தலையில் ஒழுகியது. அப்புறம் பந்தல் ஒழுகுது என்று தீர்ப்பும் அவர்களே சொன்னார்கள்.

நான் மேலே நின்று சிரிப்பதைக் கீழே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். தடைக்காலம் என்பதால் கடல் படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. ஆண்கள் அதன் நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்கள் நடுவிலிருந்த ஊர்த் தலைவர்.

“இன்னா பாயம்மா, எங்க ஊர் குப்பைய பாத்து சிரிப்பா கீதா?”

“குப்பைய பாத்து இல்லைங்க, வைத்தியத்த பாத்து” என்றேன். வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். ஒட்டுப் போட்ட கை யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும் போல.

தலைவர் சிரிக்கவில்லை. எழுந்து ஏணிக்குக் கீழே வந்தார். குரலை உயர்த்தவும் இல்லை. “இது எங்க ஊர் விசயம்மா. நீ டவுன்காரி. இதுல கைய வெச்சா அப்பறம் ரோட்டு மேல கீற ஓட்டல் வேலையும் ஒனுக்கு இருக்காது” என்றார். நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலின் கூரைகளை மாதாமாதம் நான்தான் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது பெரும்பாலும் அந்த வேலையில்தான். அதன் உரிமையாளர் இவருக்குச் சொந்தம் என்பது அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

எனக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது. கழுவ வேண்டிய துணி முன்னால் கிடக்கிறது, கழுவத் தெரிந்தவள் நான் நிற்கிறேன், இதில் இவர் யார்?

“துணிக்கு எந்த ஊர்னு தெரியாதுங்க. அழுக்கு இருந்தா கழுவுவேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

திரும்பும் வழியில் வீட்டுக்காரர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எப்போதும் வண்டி ஓட்டும்போது வாய் ஓயாத மனிதர். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார், சொன்னால் என்ன பதில் சொல்வது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பாலம் தாண்டியதும் கேட்டார். “அவ்ளோ பெரிய துணிக்கு சோப்பு எவ்ளோ எடுத்துக்கணும்?” அவ்வளவுதான். எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் விடிந்ததும் மிஷினோடு போய் இறங்கினோம். முதல் கழுவலுக்கு ஏரித் தண்ணீரே போதும். அழுக்கு போவதற்கு எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன? குழாயை ஏரியில் விட்டு, மிஷினை முடுக்கி, அகலமாக விசிறி மாதிரி அடிக்கும் மூக்கை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டே வந்தேன். கிட்டே கொண்டுபோனால் தையல் பிரிந்துவிடும், தள்ளிப் பிடித்தால் அழுக்கு அசையாது. அந்த இடைவெளியைக் கை கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கறுப்புக்குள்ளிருந்து நீலம் வெளியே வந்தது. கீழே நின்ற பெண்களில் ஒருத்தி கையைத் தட்ட, எல்லாரும் தட்டினார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்களும் பின்னுவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். தலைவர் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் அப்படி உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

ரெசின் ஒட்டைச் சுற்றி வெட்டி எடுத்தோம். அதற்குப் பதிலாக நான் கொண்டுபோயிருந்த அதே மாதிரித் துணியைப் பசை வைத்து ஒட்டி, நண்டு அக்கா கோணி ஊசியும் நைலான் வலைநூலும் எடுத்து இரட்டைத் தையல் போட்டது. வெட்டி எடுத்த ரெசின் துண்டை ஒரு பெண் தூக்கிக்கொண்டு போய் ஆண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு வந்தாள். “அடுத்த மொற ஒங்க படகுக்கு ஒதவும்” என்றாள்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. சிக்கல் அதற்கப்புறம்தான் வந்தது.

ஏரித் தண்ணீர் உப்பு. அதில் கழுவிக் காயவிட்டால் துணி முழுக்க உப்பு படியும். அந்த உப்பின் மேல் கோட்டிங் போட்டால் துணியில் பிடிக்காது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், கோட்டிங் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பித் தோல் உரிந்துவரும். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசியே ஆக வேண்டும். அதற்காக ஒரு டேங்கர்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். சாயங்காலம்வரை டேங்கர் வரவில்லை. போன் செய்தால், “அந்தக் குப்பத்துக்கு வேணாம்மா, எனக்கு எதுக்குப் பொல்லாப்பு” என்று வைத்துவிட்டார். வேறு இருவரிடம் கேட்டேன். அவர்களுக்கும் திடீரென்று வண்டி ரிப்பேராகிவிட்டதாம். எங்கள் வீட்டுக் குழாயிலும் உவர்ப்புத் தண்ணீர்தான், குடிப்பதற்கே கேன் வாங்குகிறோம். அன்றிரவு எனக்கு நோன்புக் கஞ்சியே இறங்கவில்லை. அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. கோட்டிங் காய்ந்து இறுகவும் சில நாட்கள் வேண்டும்.

குப்பத்தில் குடிதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் குழாயில் வரும். வீட்டுக்கு இத்தனை குடம் என்று கட்டுப்பாடு. பெண்கள் முந்தின நாளே குடங்களை வரிசையில் வைத்துவிடுவார்கள், குடம் நிற்கும் இடம்தான் முறை. மறுநாள் தண்ணீர் வரும் நாள். நாங்கள் போய் இறங்கியபோது நண்டு அக்கா குடத்தில் தண்ணீர் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, வராத டேங்கருக்காக நான் வைத்துவிட்டுப் போயிருந்த டிரம்மை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தது. தலைவர் வழியில் வந்து நின்றார்.

“குடிக்கிற தண்ணிய எட்த்துப் போயி துணி கழுவுறதா? ஊர்த் தண்ணி ஒரு சொட்டு மிஷினுக்குப் போவக் கூடாது.”

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. குடிதண்ணீர் அங்கே எவ்வளவு அருமை என்று எனக்குத் தெரியும். வேண்டாம் அக்கா, வேறு வழி பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஏரியில் வலை போட அந்தக் குப்பங்களில் ‘பாடு’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். தன் பாடு வந்த நாளில் ஒருவன் வலை போட்டாலும் சரி, படகிலேயே படுத்துத் தூங்கினாலும் சரி, ஏன் என்று ஒருத்தரும் கேட்க முடியாது. அவன் இடத்தில் இன்னொருவன் வலை போடவும் முடியாது. அந்த ஊர் ஆண்களின் மானம், மரியாதை, சமாதானம் எல்லாம் அந்த ஒரு கட்டுப்பாட்டில்தான் நிற்கிறது. அதைத் தொட்டால் வெட்டுக்குத்துதான்.

அக்கா குடத்தை இறக்காமலேயே கேட்டது. “தலைவரே, போன மாசம் ஒன் பாடு வந்தன்னிக்கு நீ கல்யாணத்துக்குப் போய்ட்ட. ஒன் எடத்துல ஒரு வலையும் விழல. அன்னிக்கு எங்க வீட்ல கொழம்புக்கு மீனு இல்ல. நாங்க யார்னா ஏன்னு கேட்டமா?”

தலைவர் வாயைத் திறப்பதற்குள் அக்காவே பதிலையும் சொன்னது.

“கேக்க மாட்டோம். அது ஒன் மொற. இது என் மொற. என் கொடம். நான் குடிப்பேன், குளிப்பேன், கூரைல கொட்டுவேன். ஒனுக்கு இன்னா?”

படகு நிழலில் அத்தனை கைகளும் வலையில் அப்படியே நின்றுவிட்டன. தலைவர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். யாராவது ஒருவர் தனக்காகப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பார். அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் ஏரியில் ஒரு பாடு இருந்தது. இன்றைக்கு ஒருத்தி முறையில் கை வைக்கலாம் என்றால் நாளைக்குத் தன் முறையிலும் கை வைக்கலாம் என்று அவர்களுக்குப் புரியாதா? “அது நாயந்தான் தலைவரே” என்று ஒரு குரல் மெதுவாக வந்தது. அவர் வழியை விட்டு விலகினார்.

அக்கா என் டிரம்மில் குடத்தைக் கவிழ்த்தது. அதற்குப் பின்னால் இன்னொரு குடம் வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. பந்தலில் இடம் வைத்திருக்கும் பெண்கள் ஒவ்வொருத்தரும் தங்கள் முறைத் தண்ணீரில் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனார்கள். யாரும் வீரமாக எதுவும் பேசவில்லை. ஒருத்தி மட்டும் “சிந்தாம கழுவு, என் புள்ளைங்க குடிக்கிற தண்ணி” என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நோன்பில் தொண்டை காய்ந்துபோய் நின்றதால் அந்தத் தண்ணீர் டிரம்மில் விழும் சத்தம் என்னை என்னவோ செய்தது. பெருமையாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. பயமாக இருந்தது. தலைவர் மிரட்டியபோது வந்ததைவிடப் பெரிய பயம். இதை நான் வீணாக்கிவிட்டால் அந்த முகங்களை எப்படிப் பார்ப்பேன்?

மிஷினை நான் அன்றைக்குத் தொடவே இல்லை. அது ஒரு மூச்சில் டிரம்மைக் குடித்துவிடும். வயலுக்கு மருந்தடிக்கிற மாதிரி முதுகில் மாட்டும் கைப்பம்பு ஒன்று என்னிடம் உண்டு. அதில் நல்ல தண்ணீரை நிரப்பி, மேலிருந்து ஒரு முழம் ஒரு முழமாகத் தெளித்து, துணியால் இழுத்து வழித்துவிட்டு, திரும்பவும் தெளித்தேன். உப்பு போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த ஒரே வழி, துணியில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பது. நோன்பு வைத்திருக்கிறேனே, எப்படி வைப்பது?

“நான் எதுக்கு கீறேன்?” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நண்டு அக்கா இன்னொரு ஏணியில் ஏறிவிட்டது. நான் அலசிக்கொண்டே போக, அக்கா விரலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டே வந்தது. “உப்பு கீது… இன்னும் கீது… இங்க கொஞ்சம் கம்மி…” என்று கூரை முழுக்க ருசி பார்த்தது. குழம்புக்குக்கூட இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்காது. கீழே என் வீட்டுக்காரர், “ஓரத்த விட்டுட்டீங்க, ஓரத்த பாருங்க” என்று வழக்கம்போலக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். டிரம்மின் அடியில் தண்ணீர் தெரிய ஆரம்பித்தபோது அக்கா கடைசி மூலையில் விரலை வைத்துச் சப்பிவிட்டு முகத்தைச் சுளித்தது. நான் பம்பை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தேன். “சப்புனு கீது பாயம்மா, ஒண்ணுமே இல்ல” என்றது.

அதற்கப்புறம் காற்றோடு போட்டி. மதியத்துக்கு மேல் கடல்காற்று தொடங்கினால் உப்பையும் ஈரத்தையும் கொண்டுவந்து துணியில் அப்பிவிடும். அதற்குள் துணி காய்ந்து, கோட்டிங் ஏறிவிட வேண்டும். நல்லவேளையாக வெயில் எங்கள் கட்சியில் இருந்தது. துணி காய்ந்ததும் ரோலரால் முதல் பூச்சு, தையல்களுக்குத் தனியாக பிரஷ்ஷால் பூச்சு, அது காய்ந்ததும் இரண்டாவது. கடைசி ஓரத்தை நான் பூசிக்கொண்டிருக்கும்போது முக்காடு படபடவென்று அடித்தது. கடல்காற்று வந்துவிட்டது. இனி வந்தால் வரட்டும் என்று அதைப் பார்த்துச் சொன்னேன்.

கயிறுகளை இழுத்துக் கட்டி, சாமான்களை ஏற்றி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. டவுன் பள்ளிவாசலின் பாங்குச் சத்தம் ஏரித் தண்ணீர்மேல் வந்தது. அக்கா ஒரு செம்பை நீட்டியது. “இது கொட்றதுக்கு இல்ல, குடிக்கறதுக்கு” என்றது. பேரீச்சம்பழம் ஆட்டோவில் இருந்தது, எடுத்துவரக்கூடத் தோன்றவில்லை. அந்தத் தண்ணீரில்தான் அன்றைக்கு நோன்பு திறந்தேன்.

அமாவாசையன்று கூட்டம் பந்தலுக்கே வந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நாற்றம் போய்விட்டது என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மூச்சு விடுகிற எவரும் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். ஒழுகலைப் பார்க்க, ஏணி போட்டு மேலிருந்து பக்கெட் பக்கெட்டாக ஏரித் தண்ணீரை ஊற்றச் சொன்னார் தலைவர். நண்டு அக்கா என்ன செய்தது தெரியுமா? பெட்டியிலிருந்து எடுத்த புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, ஒட்டுப் போட்ட இடத்துக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தது. மற்ற பெண்களும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். மேலே தண்ணீர் விழுந்தது. நான் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓரத்தில் வடிந்ததே தவிர, உள்ளே ஒரு துளி இறங்கவில்லை. ஊற்றியவர்கள் கை சலித்து பக்கெட்டைக் கீழே வைத்தார்கள்.

தலைவர் விடுவதாக இல்லை. “பக்கெட் தண்ணி வேற, மழ வேற. ஐப்பசி மழ வரட்டும், அப்பப் பாக்கலாம்” என்றார்.

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துகொள்ளவே இல்லை. “சர்தான். ஐப்பசி வரைக்கும் நாங்க இங்கேயேதான் குந்திகினு கீறோம். வந்து பாரு.”

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் கூட்டமே சிரித்தது. பெரியவர்களுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. இன்றைக்கே பிரித்துவிட வேண்டும் என்று வந்தவர், பந்தல் மழைக்காலம்வரை இருக்கட்டும் என்று தன் வாயாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தக் கூட்டத்தில் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற முடியாது. வறுவல் கடையைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

அவர் சொன்ன இன்னொரு வார்த்தையும் நடந்தது. அடுத்த வாரமே ஓட்டலிலிருந்து போன் வந்தது, வேறு ஆளைப் பார்த்துவிட்டார்களாம். வலித்தது. சில மாதம் வீட்டில் கையைக் கடித்தது. பழைய வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. இதை மறைத்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒருநாள்கூட, அன்றைக்கு ஏணியிலிருந்து பேசாமல் இறங்கிப் போயிருக்கலாமே என்று நான் நினைத்ததில்லை.

ஐப்பசியில் ஒரு காலை நேரம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். போன் அடித்தது, நண்டு அக்கா. எடுத்தால் பேச்சே இல்லை, ஒரே இரைச்சல். போனைக் கூரைப் பக்கம் தூக்கிப் பிடித்திருக்கிறது என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. மேலே மழை அடிக்கிற சத்தம். கீழே ஒருத்தி இறாலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், எல்லாம் தெளிவாகக் கேட்டது.

“கேக்குதா பாயம்மா?” என்று கத்தியது அக்கா. “தலைவரும் இங்கதான் கீறாரு. மழைக்கு ஒதுங்கி நிக்கிறாரு. நனையாமத்தான் நிக்கிறாரு!”

நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. இப்போதும் எங்காவது ஏணி போடும்போது, இது உனக்கு எதற்கு என்று யாராவது வந்து நிற்பார்கள். அவர்களுக்கு நான் பெரிதாகப் பதில் எதுவும் சொல்வதில்லை. இது என் முறை, இதை நான் எதில் வேண்டுமானாலும் கொட்டுவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மிஷினை முடுக்கிவிடுகிறேன்.